காற்று அடங்கிவிட்டது... கம்பி அடங்கிவிட்டதா? மழைக்கால மின் விபத்துகளைத் தவிர்ப்பது எப்படி?

புயல் கரையைக் கடக்கும் இரவில் பெரும்பாலும் யாரும் வெளியே வருவதில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் விடியட்டும் என்று காத்திருப்பார்கள். விடிந்து காற்று அடங்கியதும்தான் எல்லோரும் தெருவுக்கு வருகிறார்கள். எந்த மரம் விழுந்தது, யார் வீட்டு ஓடு பறந்தது என்று பார்க்கப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். பெரியவர்கள் அரிவாளுடன் கிளைகளை வெட்டி வழி ஏற்படுத்துகிறார்கள். குறுக்கே ஒரு மின்கம்பி கிடந்தால், 'நேத்து ராத்திரியில இருந்தே கரன்ட் இல்லையே' என்று அதையும் காலால் ஒதுக்கிவிட ஒருவர் முன்வருவார்.

அந்த ஒரு நம்பிக்கைதான் ஆபத்து. ஊரே இருளில் இருந்தாலும், தரையில் கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருக்கலாம். இப்போது இல்லாவிட்டாலும் அடுத்த நிமிடம் வரலாம்.

2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா, 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா, 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் என வடகிழக்குப் பருவமழைக் காலப் புயல்கள் நமக்குப் புதியவை அல்ல. கஜாவில் மட்டும் 1 லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. ஒவ்வொரு கம்பத்துடனும் கம்பிகள் வயலிலும் தோப்பிலும் சாலையிலும் விழுந்தன. அப்படி விழுந்த கம்பிக்குப் பக்கத்தில் எப்படி நடந்துகொள்வது என்பது ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

'கரன்ட் இல்லை' என்பதை ஏன் நம்பக் கூடாது?

புயல் நெருங்கும்போது, முன்னெச்சரிக்கையாக மின்வாரியமே மின்சாரத்தை நிறுத்திவிடுவது உண்டு. காற்று நின்ற பிறகு ஊழியர்கள் பழுதுகளைச் சரிசெய்து, பகுதி பகுதியாகத் திரும்பக் கொடுப்பார்கள். ஓரிடத்தில் வேலை முடிந்து மின்சாரம் கொடுக்கும்போது, யார் கண்ணிலும் படாமல் சந்துக்குள் அறுந்து கிடக்கும் கம்பிக்கும் அது வந்து சேரலாம். இரவு முழுவதும் வெறும் கம்பியாகக் கிடந்தது, காலை பத்து மணிக்கு உயிர்பெறுவது இப்படித்தான்.

'கம்பி அறுந்தால் தானாக ஃபியூஸ் போய்விடுமே' என்ற நம்பிக்கையும் பலருக்கு உண்டு. எப்போதும் அப்படி நடப்பதில்லை. ஃபியூஸ் உருக வேண்டுமானால் மிக அதிகமான மின்னோட்டம் பாய வேண்டும். உலர்ந்த மணலிலோ தார்ச்சாலையிலோ காய்ந்த புல்லிலோ விழுந்த கம்பியிலிருந்து தரைக்குப் பாயும் மின்னோட்டம் குறைவு. அதை வழக்கமான மின்பயன்பாடு போலவே ஃபியூஸ் எடுத்துக்கொள்ளும். ஆனால், அந்தக் 'குறைந்த' மின்னோட்டமே ஓர் ஆளைக் கொல்லப் போதுமானது.

தீப்பொறி பறக்கவில்லை, சத்தம் வரவில்லை என்பதும் பாதுகாப்புக்கு அடையாளம் அல்ல. நேரடியாகத் தரையைத் தொட்டு அசையாமல் கிடக்கும் கம்பியில் பொறியே வராமல் மின்சாரம் இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. நம் தெருக்களில் கம்பத்துக்குக் கம்பம் ஓடுபவை பெரும்பாலும் உறையில்லாத அலுமினியக் கம்பிகள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயருக்கு உறை உண்டு. ஆனால், பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்த உறையில் வெடிப்பு விட்டிருக்கலாம். 'மேலே ரப்பர் இருக்கு' என்று அதைக் கையால் தூக்கக் கூடாது.

லைன்மேனே நம்புவதில்லை

மின்கம்பியில் வேலை பார்க்கும் ஊழியர் எப்படி வேலையைத் தொடங்க வேண்டும் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் அந்த லைனுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தி, 'லைன் கிளியர்' எனப்படும் அனுமதியைப் பெற வேண்டும். பிறகு கம்பியில் மின்சாரம் இல்லை என்று சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும், வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் கம்பிகளை எர்த் ராடு மூலம் தரையோடு இணைக்க வேண்டும். தவறுதலாகவோ வேறு வழியிலோ மின்சாரம் வந்துவிட்டால், அது தன் உடல் வழியாகப் போகாமல் தரைக்குள் இறங்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

கையுறை, கயிறு, பயிற்சி, அனுபவம் எல்லாம் உள்ளவரே மின்சாரத்தை நிறுத்தி, சோதித்து, எர்த் செய்யாமல் தொடக் கூடாத கம்பி அது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈரத் தரையில் நிற்பவர் எதை நம்பி அதைத் தொடுவது?

30 அடி தள்ளி நில்லுங்கள்

அறுந்த கம்பியைப் பார்த்தால் குறைந்தது 10 மீட்டர், அதாவது சுமார் 30 அடிக்கு அப்பால் நிற்க வேண்டும். தரை ஈரமாக இருந்தால் இன்னும் தள்ளிப் போவது நல்லது. தொடாவிட்டால் போதாதா, ஏன் இவ்வளவு தூரம்?

தெருக்களில் ஓடும் உயரழுத்த லைன்களில் 11,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. சில ஊர்களில் 22,000 வோல்ட். அப்படி ஒரு கம்பி தரையைத் தொடும் இடத்தில் மண்ணிலும் மின்னழுத்தம் ஏறியிருக்கும். அங்கிருந்து விலகப் போகப் போக அது குறையும். அந்தப் பகுதிக்குள் காலை அகட்டி நடக்கும்போது, ஒரு பாதம் கூடுதல் அழுத்தமுள்ள மண்ணிலும் மறுபாதம் குறைந்த அழுத்தமுள்ள மண்ணிலும் இருக்கும். அந்த வித்தியாசமே ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கும் மின்னோட்டமாகிவிடும். கம்பியைத் தொடாமலே ஷாக் அடிப்பது இதனால்தான். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே தூரம் அதிகம் என்பதால் மாடுகளுக்கு ஆபத்து மேலும் அதிகம். மேய்ச்சலுக்கு மாடுகளை அவிழ்த்துவிடும் முன், போகும் வழியையும் வயலையும் தூரத்தில் நின்று ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம்.

தெரியாமல் அருகில் போய்விட்டால் ஓடக் கூடாது. இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையிலிருந்து தூக்காமல், சிறிது சிறிதாகத் தேய்த்துத் தேய்த்து விலகி வர வேண்டும்.

கார் மீது கம்பி விழுந்தால் உள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு. கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைக்கும் நொடியில், காரையும் தரையையும் இணைக்கும் கம்பியாக உங்கள் உடல் மாறிவிடும். உள்ளே இருந்தபடியே போன் செய்யுங்கள். அருகில் வருபவர்களையும் எச்சரியுங்கள். கார் தீப்பிடித்தால் மட்டும், காரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரண்டு கால்களையும் சேர்த்து வெளியே குதித்து, பாதங்களைத் தேய்த்தபடி விலக வேண்டும். இருசக்கர வாகனத்தில் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. சாலையில் கம்பி தொங்குவது தெரிந்தால், குனிந்து நுழைந்து போகலாம் என்று நினைக்காமல் திரும்பிவிடுங்கள்.

கம்பி மீது விழுந்த மரத்தை வெட்டுவதும் வீட்டுக்காரர் வேலை அல்ல. பச்சை மரம் ஈரம் நிறைந்தது, மின்சாரத்தைக் கடத்தும். தேங்காய் பறிக்கும் இரும்புத் துரட்டி, அலுமினிய ஏணி இரண்டையும் மின்கம்பி இருக்கும் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

தேங்கிய தண்ணீருக்குள் என்ன இருக்கிறது?

2017 நவம்பரில், சென்னை கொடுங்கையூரில் தெருவில் தேங்கிய மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் உயிரிழந்தார்கள். கலங்கிய தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கம்பி பெரியவர்கள் கண்ணுக்கே தெரியாது. குழந்தைகளுக்கு எப்படித் தெரியும்?

சென்னை போன்ற நகரங்களில் பல பகுதிகளில் மின்சாரம் நிலத்தடி கேபிளில் வருகிறது. தெருவோரம் நிற்கும் பில்லர் பாக்ஸ் வழியாக வீடுகளுக்குப் பிரிகிறது. அதன் கதவு திறந்து கிடந்தாலோ, தண்ணீர் அதன் அடிப்பகுதியைத் தொட்டாலோ, அந்தப் பக்கமே போகாதீர்கள். டிரான்ஸ்பார்மர், தெருவிளக்குக் கம்பம், கம்பத்தைத் தாங்கும் ஸ்டே கம்பி, இரும்பு விளம்பரப் பலகை ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பதும், அவற்றின் மீது சாய்ந்து நிற்பதும் கூடாது. ஸ்டே கம்பியில் ஆடு மாடு கட்டுவதும், கம்பத்தில் துணிக்கொடி கட்டுவதும் மழைக்காலத்தில் உயிரோடு விளையாடுவது.

பிள்ளைகளுக்கு இதைக் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் சொன்னால் மனதில் நிற்காது. ஒரு மாலையில் கூட்டிக்கொண்டு போய், தெருவில் பில்லர் பாக்ஸ் எங்கே இருக்கிறது, டிரான்ஸ்பார்மர் எங்கே, தண்ணீர் தேங்கினால் எந்தப் பக்கம் சுற்றி வர வேண்டும் என்று நேரில் காட்டுங்கள்.

வீட்டுக்குள் என்ன செய்ய வேண்டும்?

புயல் எச்சரிக்கை வந்ததுமே மொபைல், பவர் பேங்க், டார்ச் லைட்டை சார்ஜ் செய்து, மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுங்கள். இடியும் காற்றும் தொடங்கும் முன்பே டி.வி., ஃப்ரிட்ஜ், கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின் ஆகியவற்றை சுவிட்ச் ஆஃப் செய்வதோடு நிறுத்தாமல் பிளக்கையும் கழற்றிவிடுவது நல்லது.

தண்ணீர் வீட்டுக்குள் வரும் என்று தோன்றினால், வருவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீர் வந்த பிறகு, அதில் நின்றுகொண்டு மெயின் சுவிட்சைத் தொடக் கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லி வெளியிலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்வதுதான் வழி.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஒரு விஷயம் அடிக்கடி மறந்துபோகிறது. மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் தன் பேட்டரியிலிருந்து வீட்டு ஒயர்களுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதுவும் அதே 230 வோல்ட்தான். எனவே மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்தால்தான் அணைத்ததாக அர்த்தம்.

வெள்ளம் வடிந்த பிறகு, 'காய்ந்துவிட்டது' என்று சுவிட்சைப் போட்டுப் பார்க்க வேண்டாம். சுவிட்ச் போர்டுக்குள்ளும் சுவருக்குள் போகும் பைப்பிலும் ஈரமும் சேறும் தங்கியிருக்கும். ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்த பிறகு மெயினைப் போடுங்கள். நனைந்த ஃப்ரிட்ஜ், கிரைண்டர், மோட்டாருக்கும் இதே விதிதான். ஈரச் சுவரைத் தொடும்போது லேசாக 'சுர்' என்று இருந்தால், அதைச் சிறிய விஷயமாக விடாதீர்கள். எங்கோ மின்கசிவு இருக்கிறது என்று அர்த்தம்.

ஆர்.சி.சி.பி. இருக்கிறதா?

பெரும்பாலான வீடுகளில் இப்போது எம்.சி.பி. எனப்படும் டிரிப் சுவிட்ச் இருக்கிறது. அது இருந்தால் ஷாக் அடிக்காது என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் வேலை வேறு. 16 ஆம்பியர், 32 ஆம்பியர் என்று அதில் குறிக்கப்பட்ட அளவைத் தாண்டி மின்னோட்டம் போகும்போது ஒயர் எரியாமல் காப்பதுதான் அதன் வேலை. மனித உடல் வழியாகப் பாயும் மின்னோட்டம், ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். அவ்வளவு சிறிய அளவை எம்.சி.பி. கண்டுகொள்வதில்லை.

ஆர்.சி.சி.பி. என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பி வருவதும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். யார் உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ கொஞ்சம் தரைக்குக் கசிந்தாலும், கணக்கு உதைக்கும். உடனே, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதைப் பொருத்த வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும் செலவு. பொருத்தினால் மட்டும் போதாது. அதில் உள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். டிரிப் ஆகவில்லை என்றால் மாற்ற வேண்டும். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று எரிச்சலில் அதைக் கழற்றி நேரடி இணைப்பு கொடுப்பவர்களும் உண்டு. அது வீட்டில் எங்கோ கசிவு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. சரிசெய்ய வேண்டியது கசிவைத்தான். இன்வெர்ட்டர் வழியாகப் போகும் ஒயர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடைக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கும் எல்லை உண்டு. தெருவில் அறுந்து கிடக்கும் கம்பியிலிருந்து வீட்டு ஆர்.சி.சி.பி. யாரையும் காப்பாற்றாது.

உங்கள் ஜெனரேட்டர், இன்னொருவர் உயிர்

நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது சிலர் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுப்பார்கள். இருபக்கமும் பிளக் வைத்த ஒயரால் அதைச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் செருகி, வீடு முழுக்க விளக்கு எரிய வைப்பார்கள். அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காது. மீட்டரைத் தாண்டி, சர்வீஸ் ஒயர் வழியாகத் தெருக் கம்பிக்கும், அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்கும் போகலாம். வழக்கமாக 11,000 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர், பின்பக்கமிருந்து மின்சாரம் வந்தால் அதைப் பல மடங்கு கூட்டிவிடும். எங்கோ ஒரு கம்பத்தின் மேல், லைன் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று எண்ணி வேலை பார்ப்பவர் மீது அது பாயும்.

கஜா புயலின்போது டெல்டா மாவட்டங்களில் கம்பம் நட, பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து வயல் சேற்றில் நின்று வேலை பார்த்தார்கள். அப்படி வருபவர்கள் உயிரோடு வீடு திரும்புவது ஊர்க்காரர்கள் கையிலும் இருக்கிறது. ஜெனரேட்டர் வேண்டுமானால், மின்வாரிய இணைப்பும் ஜெனரேட்டர் இணைப்பும் ஒருபோதும் சேராதபடி பிரிக்கும் 'சேஞ்ச் ஓவர் சுவிட்ச்' பொருத்த வேண்டும். இல்லையென்றால் ஃபேனையும் மோட்டாரையும் நேரடியாக ஜெனரேட்டரிலேயே செருகிக்கொள்ளலாம்.

இடி இடிக்கும்போது...

இடிச் சத்தம் கேட்டால் 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று சொல்லச் சொல்வார்கள் பாட்டிமார்கள். சொல்லலாம், வீட்டுக்குள் இருந்துகொண்டு. சத்தம் ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 3 நொடி ஆகும். மின்னல் தெரிந்து 30 நொடிக்குள் இடி கேட்டால், மின்னல் 10 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கிறது. வயலிலோ மைதானத்திலோ இருந்தால் உடனே கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். தனி மரத்தடி வேண்டவே வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வரலாம். மொபைல் போன் மின்னலை இழுக்காது; சார்ஜில் போட்டபடி பேசுவதுதான் தவறு. மின்னல் எச்சரிக்கைக்காக, புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலியை மொபைலில் வைத்துக்கொள்ளலாம்.

ஷாக் அடித்தவரை எப்படிக் காப்பாற்றுவது?

பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்து உயிரிழக்கும் விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன.

* முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும்.

* அணைக்க வழியில்லை என்றால், உலர்ந்த பலகை அல்லது பிளாஸ்டிக் ஸ்டூல் மீது நின்று, உலர்ந்த மரக்கட்டையால் அவரை ஒயரிலிருந்து விலக்குங்கள். ஈரக் கட்டை, பச்சை மூங்கில், இரும்புக் கம்பி கூடாது.

* இது வீட்டு மின்சாரத்துக்கு மட்டும். தெருக் கம்பி என்றால் எந்தக் கட்டையும் உதவாது. மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தியதாக உறுதிசெய்யும்வரை, உயிருக்கு உயிரானவராக இருந்தாலும், யாரும் அருகில் போகக் கூடாது. சொல்ல எளிது, செய்யக் கடினம். ஆனால், இன்னோர் உயிர் போகாமல் தடுக்க அதுவே வழி.

* விலக்கிய பிறகு 108-ஐ அழையுங்கள். அவர் அசைவில்லாமல், சரியாக மூச்சு விடாமல் இருந்தால், நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

* மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்காது. அவரைத் தயங்காமல் தொட்டு உடனே முதலுதவி செய்யலாம்.

* ஷாக் அடித்தவர் எழுந்து உட்கார்ந்து 'ஒண்ணுமில்ல' என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். இதயத் துடிப்பில் மாற்றம் இருக்கிறதா என்று இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும்.

யாரிடம் சொல்வது?

தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். 1077 என்ற எண் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கும், 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கும் உரியவை. அழைக்கும்போது தெருப்பெயரோடு, பக்கத்துக் கம்பத்தில் பெயின்ட்டால் எழுதியிருக்கும் எண்ணையும் தூரத்திலிருந்தே படிக்க முடிந்தால் சொல்லுங்கள். ஊழியர்கள் இடத்தைக் கண்டுபிடிக்க அது உதவும். உங்கள் மின் இணைப்பு எண்ணையும் இந்த எண்களையும் இன்றே மொபைலில் பதிந்து, ஒரு தாளில் எழுதி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டிவையுங்கள்.

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விடாதீர்கள். ஊழியர்கள் வரும்வரை தெருவின் இரு முனையிலும் ஒருவர் நின்று, வருபவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். நாற்காலி, மரக்கிளை, சிவப்புத் துணி என்று கையில் கிடைப்பதைத் தூரத்திலேயே வைத்து வழியை மறிக்கலாம். கம்பியை அப்புறப்படுத்தும் வேலை மின்வாரியத்துடையது. அதன் பக்கத்தில் யாரும் போகாமல் பார்த்துக்கொள்வது அந்தத் தெருவில் இருப்பவர்களுடையது.